லாயிட் கார்மடியின் கையும் என் இடது கண்ணும்

அன்புள்ள எர்னஸ்டின் அக்காவுக்கு,

தம்பி ஆர்வில் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். டொலிடோவில் நீயும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று, கையில் எந்த ஆதாரமும் இல்லாமல், நம்புகிறேன். போன் செய்தால் அத்தான் எடுத்து, "அவ தூங்கறாப்பா" என்கிறார். பின்னால் உன் தும்மல் கேட்கிறது. காலை பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டே தும்முகிறவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம். முப்பத்தொரு வருஷம் ஊராருக்கெல்லாம் தபால் கொண்டுபோய்ப் போட்டவன், எனக்காக ஒன்று போட்டுக்கொண்டால் தப்பில்லை.

லாயிட் கார்மடியை தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஜூரிகள் நாங்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து விடுதலை செய்துவிட்டோம் என்பதுதான் உன் கோபம். எனக்குப் புரிகிறது. முப்பது வருஷமாகப் படங்களில் விஷம் வைத்து, கழுத்தை நெரித்து, ஓடுகிற ரயிலிலிருந்து ஆளைத் தள்ளிய மனிதர் அவர். ஓய்வுக்கு எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு வந்தபோது, கடையில் அவர் கை பட்ட தக்காளியைக்கூடப் பெண்கள் எடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் தன் பழைய மேனேஜர் ஹப்பர்டை வாசற்படியிலிருந்து தள்ளி இடுப்பை உடைத்தார் என்று வழக்கு வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஜூரி வேலைக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதாசி வந்ததும் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். "அவன் ஒரு படத்துல அந்தப் பொண்ணைக் கிணத்துல தள்ளினானேடா, மறந்துட்டியா?" என்று நீ கேட்டாய். நான் மறக்கவில்லை. ஜூரிக்கு ஆள் தேர்ந்தெடுத்த அன்றும் எனக்கு அந்தக் கிணறுதான் மனதில் இருந்தது. நீதிபதி பெல்லமி அம்மா என்னைப் பார்த்து, "இந்த நிமிஷம் அவர் நிரபராதி. சாட்சியம் வேற மாதிரி நிரூபிக்கிற வரைக்கும் நிரபராதி. அப்படி நெனச்சு உங்களால உட்கார முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். முடியும் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொல்லியிருந்தார். அவர் சொன்னதற்கு நேர்மாறாக நடந்தது. முடியாது என்று சொல்லி, அந்த ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வீடியோவை உன்னைப் போலவே நானும் முன்பே பார்த்திருந்தேன். எதிர்வீட்டுக் கேமராவில் பதிவானது, ஆறே வினாடி. மேல்படியில் கார்மடி கையை நீட்டுகிறார், ஹப்பர்ட் விழுகிறார். தொலைக்காட்சியில் அதைக் காட்டாத மணி கிடையாது; மெதுவாகக் காட்டினார்கள், வட்டம் போட்டுக் காட்டினார்கள், ஒரு சேனல் அடியில் பயங்கரமான இசையும் சேர்த்தது. விசாரணை தொடங்கியதும் செய்தி பார்க்காதே, பேப்பர் படிக்காதே, யாரோடும் வழக்கைப் பற்றிப் பேசாதே என்று உத்தரவு. நானும் டிவி மேல் போர்வையைப் போர்த்தி வைத்தேன். மூன்று வாரம் நாயோடு வானிலை மட்டும் பேசினேன்.

இரண்டாவது வாரம்தான் எனக்குக் கிரகம் பிடித்தது. நீதிமன்ற வாசலில், டிவி கேமராக்களுக்கு நடுவே, நானும் கோரா மென்டெல் அம்மாவும் நின்றிருந்தோம். அவரும் ஜூரிதான்; பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல் வேலை. அந்த நேரம் பார்த்துக் கார்மடி காரிலிருந்து இறங்கி எங்களைக் கடந்து போனார். கண்ணில் புரை எடுத்ததிலிருந்து எனக்கு இடது கண் அவ்வப்போது துடிக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கண் வேறு எந்த நிமிஷத்தையும் விட்டுவிட்டு அந்த நிமிஷத்தில் துடித்தது. மறுநாள் காலை நீதிபதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "நீங்க குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்துக் கண்ணடிச்சதா நாடு முழுக்கச் செய்தி ஓடுது" என்றார். டாக்டர் சீட்டைக் காட்டினேன். அதைக் காட்டும்போதே கண் மறுபடி துடித்தது. நீதிபதியைப் பார்த்தே கண்ணடித்துவிட்டேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, "போய் உட்காருங்க, ஹாஸ்கின்ஸ்" என்றார். பிறகு மற்ற ஜூரிகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இதனால் மனம் மாறியதா என்று விசாரித்தார்.

இனிமேல்தான் நீ பார்க்காதது வருகிறது. நீதிமன்றத்தில் அந்த வீடியோவை முழுசாகப் போட்டார்கள். ஐம்பத்திரண்டு வினாடி. இரண்டு பேரும் வாக்குவாதம் செய்கிறார்கள், அது உண்மை. ஹப்பர்ட் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். பெட்டி மறைப்பதால் கீழே படி அவருக்குத் தெரியாது. குதிகால் விளிம்பில் படுகிறது. அப்புறம்தான் கார்மடியின் கை நீள்கிறது. தள்ளுகிறதா, பிடிக்கிறதா? பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டுமாகத் தெரிகிறது. ஆம்புலன்ஸில் வந்த பெண் அன்றைக்குத் தான் எழுதிய குறிப்பைப் படித்தாள். ஹப்பர்ட் தன்னிடம், "கால் வழுக்கிடுச்சும்மா, என் தப்புதான்" என்றாராம். தள்ளிவிட்டார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது நாலாவது டிவி பேட்டிக்குப் பிறகு. அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன், அக்கா. படுக்கையில் கிடந்தபடி அந்த ஆறு வினாடியை எத்தனை தரம் பார்த்தாரோ, பாவம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் முதல் வாக்கெடுப்பு நடத்தினோம். குற்றவாளி என்று ஒன்பது பேர், இல்லை என்று மூன்று பேர்; பன்னிரண்டும் ஒன்றானால்தான் தீர்ப்பு. அந்த ஒன்பதில் உன் தம்பியும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். ஏன் என்று கோரா அம்மா கேட்டபோது, "ஊரே பார்த்துச்சேம்மா" என்றேன். அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆர்வில், நீங்க கண்ணடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லம்மா. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க."

"நான் நின்னேன். ஊரு நிக்கலையே. நீங்க கண்ணடிச்சதை அதுவும் பார்த்துச்சு."

எனக்கு ஒரு டாக்டர் சீட்டும், கேட்கப் பொறுமையுள்ள ஒரு நீதிபதியும் இருந்தார்கள். அந்த மனிதருக்கு வயது எழுபத்திரண்டு. குற்றவாளி என்றால் எட்டு வருஷம் உள்ளே. அவருக்கென்று இருந்தது அந்த அறையில் இருந்த நாங்கள் பன்னிரண்டு பேர் மட்டும்தான். குற்றவாளி என்று எழுதிக் கொடுத்த என் வாக்குச்சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் வரை மாறாமல் நின்றவர் டயர் கடை விக்டர் ஸ்டோல்ஸ். நல்ல மனிதர், ஆனால் ஆளும் கொள்கையும் ஒரே எடை. "பிடிக்கிறவன் கை அப்படியா இருக்கும்? நான் காட்டறேன், ஏறுங்க" என்று என்னை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, கையில் காலிப் பெட்டியைக் கொடுத்துத் திரும்பச் சொன்னார். நான் திரும்பினேன். என் முட்டியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாய்ந்த என்னைப் பிடிக்க விக்டர் பாய்ந்தார். சட்டை நுனிதான் அவர் கைக்கு அகப்பட்டது. நான் சர்க்கரை தூவிய டோனட் தட்டின் மேல் போய் விழுந்தேன். அறையின் அந்தக் கோடியிலிருந்து கோரா அம்மா நிதானமாகச் சொன்னார்: "இங்கேருந்து பார்த்தா, விக்டர், நீங்கதான் அவரைத் தள்ளிவிட்டீங்க."

விக்டர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முதுகிலிருந்த சர்க்கரையை அவரே தட்டிவிட்டார். அப்புறம், "எனக்குத் தெரியலைங்க. தெரியாமப் போய் ஒரு ஆளை ஜெயில்ல போட முடியாது" என்றார். தீர்ப்பைப் படித்தபோது கார்மடி சிரிக்கவில்லை. முப்பது வருஷம் எங்களையெல்லாம் நடுங்கவைத்த அந்த மூஞ்சியைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார். அவர் தள்ளவே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தள்ளினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எங்களைக் கேட்டது அதை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து டிவி மேலிருந்த போர்வையை எடுத்தால், திரையில் நீ. பச்சை கவுன், முத்துமாலை, அடியில் "ஜூரரின் அக்கா" என்று எழுத்து. "என் தம்பி சின்ன வயசுலேருந்தே நடிகருங்கன்னா வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பான். கண்ணடிச்சிருப்பான்" என்கிறாய். அக்கா, ஊர் சொன்னது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தக் கண்ணுக்கு மூன்று வாரம் கூடவே இருந்து சொட்டுமருந்து விட்டவள் நீ. போன ஞாயிறு சர்ச் விருந்தில் நான் செய்த பீன்ஸை யாரும் தொடவில்லை. அது தீர்ப்பினாலா, பீன்ஸினாலா என்று நிரூபிக்க வழியில்லாததால் சந்தேகத்தின் பலனை ஊருக்கே கொடுத்துவிட்டேன்.

உனக்கும் அதையே கொடுக்கிறேன். மைக்கை மூக்குக்கு நேராக நீட்டினால் யாருக்கும் ஏதாவது சொல்லத்தான் தோன்றும். அவர்கள் உன்னை எவ்வளவு நேரம் பேசவிட்டு, எதையெல்லாம் வெட்டினார்களோ, நான் பார்க்கவில்லை. நேற்றுக் கடையில் ஒரு பெண் சாமான் தள்ளுவண்டியை என் மேல் மோதுகிற மாதிரி நிறுத்தி, "எப்படிங்க அவனை விட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். நான் ஐம்பத்திரண்டு வினாடியையும் சொன்னேன். அவள் வாங்கிய ஐஸ்கிரீம் உருகுகிற வரைக்கும் நின்று கேட்டாள். "நாங்க ஆறுதாங்க பார்த்தோம்" என்றாள் கடைசியில், வேறு குரலில். ஒருத்தி கேட்டால் போதும், அக்கா. இன்னொருத்தியும் கேட்பாள் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு அத்தானை அழைத்துக்கொண்டு வா. கோரா அம்மா ஆப்பிள் பை கொண்டுவருகிறார், விக்டரும் வருகிறார். உன் முழங்கால் வீக்கம் வற்றவும், அத்தானுக்குக் காது கொஞ்சம் கேட்கவும், நீ போனை எடுக்கவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஆர்வில் ஹாஸ்கின்ஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அதே டிவிக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். புருஷனுடைய படகில் ஓட்டை போட்டதாகப் பிடித்திருக்கிறார்களே ஒரு பாடகி, அந்த வழக்கைப் பற்றிக் கருத்துச் சொல்ல, அனுபவப்பட்ட ஜூரர் என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வியாழக்கிழமை காலை எட்டு மணி, தவறாமல் பார். நீலச் சட்டையா, கோடு போட்டதா என்று போன் செய்து சொல். விசாரணை இன்னும் தொடங்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் டிவியில் அவள் காரிலிருந்து இறங்கினபோது ஒரு பார்வை பார்த்தாளே, நீ கவனித்தாயா? ஓட்டை போட்டது அவள்தான், அக்கா. சந்தேகமே வேண்டாம்.