அரசி தலையில் இருந்த துணி

அருங்காட்சியகத் துப்புரவுக்காரி கல் அரசியின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கிற துணி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

நடந்தது இதுதான். போன வாரம் தரையைத் துடைத்துவிட்டு, துணியைப் பிழிந்து, காயட்டும் என்று அரசியின் தலையில் போட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடினாள். அந்த நேரம் பார்த்து, பண்டைய மகளிர் தலையணி ஆய்வுப் பிரிவின் அதிகாரி வந்து சேர்ந்தார். பத்து வருஷமாகச் சிலை சிலையாகப் பார்த்தும் ஒரு வரி எழுதாதவர். அன்றைக்கு அறிக்கை அனுப்பக் கடைசி நாள்.

"ஆகா! மூன்று மடிப்பு! ஓரத்துல நூல் தொங்குற வேலைப்பாடு!"

"ஐயா, சுவர்ல இதே அரசியோட ஓவியம் இருக்கு. அதுல இது இல்லையே?" என்றார் எழுத்தர்.

"படம் வரையும்போது கழட்டி வச்சிருப்பாங்க."

"ஈரமா வேற இருக்குங்க."

"குளித்து எழுந்த கோலம்னு எழுதுய்யா!"

எழுதப்பட்டது. முத்திரையும் குத்தப்பட்டது.

துப்புரவுக்காரி பயந்து பயந்து பண்டகக் காப்பாளரிடம் போனாள். "அண்ணே, வேற துணி குடுங்கண்ணே."

"பழசை ஒப்படைச்சாத்தான் புதுசு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒப்படைக்கலேன்னா உனக்கு வேலை இல்ல."

"அதான் அந்தப் பெட்டிக்குள்ள..."

"அது அரசியோடது. ஆவணத்துலயே இருக்கு. உன்னோடது எங்க?"

அதற்குள் ஊரே மாறிவிட்டது. துணிக்கடைகளில் அரசித் துணிக்கு அடிதடி. கறை இல்லாதது போலியாம். வெள்ளிக்கிழமை அதிகாரிக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு வந்த பெண்கள் எல்லாருடைய தலையிலும் மூன்று மடிப்பு. முன்வரிசையில் இயக்குநரின் மனைவி பக்கத்து நாற்காலியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்: "அசல் மாதிரியே வரணும்னு என்னோடதை ரெண்டு நாள் வாசல்ல மிதிக்கப் போட்டேன்!"

துப்புரவுக்காரிக்குத் துணியை ஒப்படைக்க அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் ஆனால் வேலை போய்விடும். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அந்த அம்மாளிடம் போய்க் குனிந்தாள்.

"அம்மா, அது அரசியோடது இல்லீங்க. நான் தரை..."

"ஏம்மா!" மேடையிலிருந்து பண்டகக் காப்பாளர் அலறினார். "அதிகாரி ஐயா மேல தேநீர் கொட்டிடுச்சு! துணி எடுத்துட்டு ஓடியா!"

துப்புரவுக்காரி வெறுங்கையைப் பார்த்தாள். சபையைப் பார்த்தாள். மண்டபம் நிறையத் துணி. துடைக்கவும் ஆச்சு, ஒப்படைக்கவும் ஆச்சு. முதல்முறையாக அவளுக்குக் கூச்சம் விட்டுப் போனது.

"கோவிச்சுக்காதீங்கம்மா, கொஞ்சம் தலையக் குனிஞ்சு காட்டுங்க," என்று இயக்குநர் மனைவியின் தலைத்துணியை உருவிக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.