பாதி ட்யூப்லைட் போதும் என்று நான் நிரூபித்த கதை

தன்னம்பிக்கை அதிகமுள்ளவன் கையில் அளக்கும் கருவி எதையும் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் என் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது அடையாறில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரிகல் கடைசி வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்து, மயிலாப்பூரில் எங்கள் தெரு முழுக்க அம்மா கல்கண்டு கொடுத்தாகிவிட்டது. ஒரே நிபந்தனை: இரண்டாம் வருஷத்திலிருந்து என்னைத் துரத்திக்கொண்டிருந்த கணக்கு அரியரை நவம்பரில் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் வேலை போச்சு. (கொடுத்த கல்கண்டைத் திருப்பிக் கேட்க முடியாது.)

அரியருக்குப் படிக்க வேண்டியவன் ப்ராஜெக்டில் குதித்தேன். வகுப்பறைகளில் எவ்வளவு கரண்ட் செலவாகிறது, எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளப்பது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரைத் தரமணியில் படித்த ஒரு நண்பனிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். சோப்பு டப்பா அளவு. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் வட்டமாக ஒரு வெள்ளைக் கண். அதை ஒவ்வொரு டெஸ்க்கிலும் வைத்துவிட்டு டாக்டர் மாதிரி புருவத்தைச் சுருக்குவேன். முதல் வருஷப் பெண்கள் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சுருக்குவேன்.

ஆகஸ்ட் மாத உச்சி வெயில். ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. மீட்டரில் எண் எகிறியது. ப்ராஜெக்டில் என் கூட்டாளியான சைதாப்பேட்டைக் குமரனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"மச்சி, வெயில்லயே அளந்துகினு கீறியே, மழ வந்தா இன்னா பண்ணுவே?"

மெட்ராஸில் ஏதுடா மழை என்று அவனை அடக்கினேன். பாதி ட்யூப்லைட் வீண் என்று எழுதிக் கொடுத்தேன். கரண்ட் பில் வந்தாலே யாரோ தன்னைத் திட்டிவிட்டது போல வாடிப்போகும் எங்கள் பிரின்சிபால், அதைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொள்ளாத குறை. ஒரே வாரத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக ட்யூப்லைட்டுகளைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். நான் காலர் தூக்கி நடந்தேன்.

நவம்பர் வந்தது. கணக்குப் பரீட்சையன்று விடியற்காலையிலிருந்தே மழை கொட்டித் தீர்த்தது. அதைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் பரீட்சை என்றால் எங்கள் கல்லூரியில் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிடுவார்கள், வெளியிலிருந்து பிட்டு வரக் கூடாதென்று. மூன்று வருஷமாகச் சாத்திய ஜன்னலுக்குள் உட்கார்ந்து பரீட்சை எழுதிய அறிவாளிக்கு, அளக்கும்போது அது ஞாபகமே வரவில்லை.

கேள்வித்தாளில் எழுத்து இருப்பது தெரிந்தது. என்ன எழுத்து என்பதுதான் தெரியவில்லை. பக்கத்து வரிசையில் கல்பனா, சிவில் பிரிவுப் பெண், என்னைப் போலவே அரியர் கேஸ், தாளை மூக்கில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். ட்யூப்லைட்டைக் கழற்றிய புண்ணியவான் யார் என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்தா பிரின்சிபால் ரவுண்ட்ஸ் வர வேண்டும்? என்னைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. சூப்பர்வைசரிடம் என்னைக் காட்டினார்.

"இவன்தான் சார் நம்ம காலேஜ் கரண்ட் பில்லக் கொறச்ச பையன். எழுந்திருப்பா, எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்து நின்றேன். அறையில் அத்தனை பேரும் திரும்பினார்கள். முகம் சரியாகத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அதற்குப் பிறகு மூன்றை எட்டு என்று படித்து, கேட்காத கணக்கை வெகு அழகாகப் போட்டேன். ஃபெயில். வேலையும் போனது. அம்மா வெகு நாட்கள் கபாலி கோயிலுக்கே வேறு தெரு வழியாகப் போனாள்.

ரிசல்ட் போர்டின் முன்னால் கல்பனா நேராக என்னிடம் வந்தாள். அவளும் ஃபெயில். "உன்னாலதான் போச்சு. அடுத்த தடவைக்கு நீதான் கூட உக்காந்து படிக்கணும்" என்றாள். அது வேண்டுகோள் இல்லை, உத்தரவு. அடையாறு நூலகத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து படித்தோம். ஏப்ரலில் இருவரும் பாஸ். பிறகு சின்னதாக ஒரு வேலை, அதற்கும் பிறகு கல்யாணம்.

இன்றைக்கும் சொல்கிறேன், நான் எடுத்த அளவுகளில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் வீட்டில் யார் கேட்கிறார்கள்? நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள் என்று மகள் கேட்கும்போதெல்லாம் கல்பனா முந்திக்கொள்வாள்.

"அன்னிக்கு ஒரே ஒரு ஜன்னலத் தொறந்து வெச்சிருந்தாங்கன்னா, நீ பொறந்தே இருக்க மாட்டேடி."