சுடுகாட்டுச் சாலையில் மூன்று நட்சத்திரங்கள்

என் பெரியப்பா காலமான செய்தியை ஊருக்கு அறிவித்தவள் நான்தான். அந்த நேரத்தில் அவர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தன் வீட்டில், மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு வெங்காய பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது தனி விஷயம்.

மூன்று வருடம் ஆகிறது. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு, வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வெடிக்கும் நட்சத்திரங்களைப் பற்றி ஆராய எனக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று அந்த மாதக் கடைசிக்குள் பதில் அனுப்ப வேண்டும். நைனாவோ செஞ்சிக்குப் போய் பி.எட். விண்ணப்பத்தை வாங்கிவந்து ஃபிரிஜ் மேல் வைத்திருந்தார். (ஃபிரிஜ் மேல் வைத்துவிட்டால் எங்கள் வீட்டில் அது அரசாணை.) மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். (சரி, இரண்டு வேளை.) கடைசியில் நைனா கொஞ்சம் இறங்கிவந்தார்.

“அங்க போயி நீ இன்னா பண்ணப்போறன்னு எனக்குப் புரியிற மாரி சொல்லு. புரிஞ்சா போ. புரியலன்னா பி.எட்.”

“வாயால சொன்னா புரியாது நைனா. செஞ்சி காட்டறேன்.”

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் பெரியப்பாவுக்கு இன்று ஊரில் பாதிப் பேரோடு பகை இருந்திருக்காது.

விஷயம் இதுதான். எரிந்து ஓய்ந்துபோன சில நட்சத்திரங்கள் பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடை ஏறும். ஓர் எல்லையை நெருங்கியதும் வெடிக்கும். எல்லாமே ஏறக்குறைய ஒரே எடையில் வெடிப்பதால் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்தே எவ்வளவு தூரத்தில் வெடித்தது என்று சொல்லிவிடலாம். இதை நினைத்தாலே எனக்கு அன்றும் இன்றும் உள்ளங்கை வியர்க்கும். பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த வெடிகள் மாதிரி!

ஒரே பெட்டி. அங்கேதான் பொறி தட்டியது.

அம்மாவின் தம்பி குமார் மாமாவைப் பிடித்தேன். டிராக்டர் வைத்திருப்பவர், நான் சொன்னால் ஏன் என்று கேட்காமல் செய்பவர். (அதன் பலனைப் பிறகு அனுபவித்தார்.) திட்டம் எளிமையானது. ஒரே பெட்டியில் வாங்கிய மூன்று பெரிய வெடிகளை எடுத்துக்கொண்டு மாமா பைக்கில் போவார். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் ஒன்று, ஒரு கிலோமீட்டரில் ஒன்று, ஒன்றரையில் ஒன்று. ஒவ்வொன்றையும் கொளுத்துமுன் ஒரு மிஸ்டு கால். நானும் நைனாவும் மொட்டை மாடியில், சத்தத்தை அளக்கும் செயலியுடன். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் நாலில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. வெளிச்சத்துக்கும் இதே கணக்குத்தான்.

வளைவில்லாமல், வீடுகள் மறைக்காமல் நேராகப் போகும் சாலை எங்கள் ஊரில் ஒன்றே ஒன்று. ஏரிக்கரையை ஒட்டிச் சுடுகாட்டுக்குப் போவது. வெயில் தாழட்டும் என்று மாலை நான்கு மணியைத் தேர்ந்தெடுத்தேன். மாமா எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வெள்ளை வேட்டி சட்டையோடு வந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் பிணம் எடுக்கும்போது முன்னால் ஓர் ஆள் வெடி வைத்துக்கொண்டே போவார். வீட்டிலிருந்து சுடுகாடு வரை. நான்கு மணி வாக்கில். பிறந்ததிலிருந்து அதே ஊரில் வளர்ந்த எனக்கு இது ஞாபகத்துக்கே வரவில்லை. போதாக்குறைக்கு, மோட்டார் கொட்டகையில் வழுக்கி விழுந்த பெரியப்பா பதினைந்து நாளாகப் படுக்கையில் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

மிஸ்டு கால் வந்தது. முதல் வெடி ஜன்னலை உலுக்கியது. செயலியின் கோடு எகிறியது. இரண்டாவது, சொன்னால் சொன்னபடி, நன்றாகவே தேய்ந்து வந்தது.

“அட, ஆமா பாப்பா,” என்றார் நைனா. அந்த ‘அட’வைக் கேட்டதும் நான் பாதி தூரம் ரயிலில் போய்விட்டேன்.

மூன்றாவது மிஸ்டு கால் வரவே ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் ‘டொப்’ என்று ஒரு சத்தம், யாரோ பக்கத்துத் தெருவில் கதவைச் சாத்தியதுபோல. கோடு அசையவில்லை.

“இன்னா, நமுத்துப்போச்சா?”

“ஒரே பெட்டி நைனா. ரெண்டு நல்லா வெடிச்சிது, மூணாவது மட்டும் எப்படி நமுக்கும்? மாமா நாம சொன்ன எடத்துல இல்ல. இன்னும் தூரமாப் போயிட்டாரு.”

“அவன் ஏன் போறான்?”

தெரியாது. அதுதானே அழகு! திட்டமிட்டிருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது. வானத்திலும் இதேதான் நடந்தது. தூரத்து நட்சத்திர வெடிப்புகள் இருக்க வேண்டியதைவிட மங்கலாக, அதாவது நினைத்ததைவிடத் தூரத்தில் இருந்தன. பிரபஞ்சம் விரிவது வரவரக் குறையும் என்று நினைத்திருந்தவர்கள், அது வரவர வேகமெடுக்கிறது என்று கண்டுகொண்டார்கள். எது அப்படித் தள்ளுகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததற்கு வைத்த பேர்தான் இருண்ட ஆற்றல். நான் கைகளை விரித்துக்கொண்டு, குதிக்காத குறையாக இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே தெருவில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள்.

என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். (ஆம். அப்படித்தான் நினைத்தேன்.) அவர்களுக்கும் கேட்கட்டும் என்று கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து குரலை உயர்த்தினேன்.

“எல்லாமே ஒண்ண வுட்டு ஒண்ணு வெலகிப் போய்க்கிட்டே இருக்குது. யாராலயும் நிறுத்த முடியாது.”

கீழத்தெரு அக்கா ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரபஞ்சத்தின் கதி அவரை உலுக்கிவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது. பின்னால் ஒருவர் கையில் ரோஜா மாலை. இது கொஞ்சம் அதிகம் என்று கூச்சப்பட்டேன். அதற்குள் சாமியானாக்காரர் வண்டியை நிறுத்தி, மேலே பார்த்துக் கேட்டார்.

“பந்தல் உங்க வாசல்லயா, பெரியப்பா வாசல்லயா?”

நைனாவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு விளங்குவதற்குள் கீழத்தெரு அக்கா பெரியப்பா வீட்டு வாசலில் விழுந்து, “எங்கள வுட்டுப் போயிட்டியே அண்ணா” என்று ஆரம்பித்துவிட்டார். கதவு திறந்தது. ஊன்றுகோலோடு பெரியப்பா நின்றார். மறு கையில் பஜ்ஜி.

“யாரு போயிட்டாங்க?”

அவர் மாலையைப் பார்த்தார். மாடியில் கையை விரித்தபடியே நின்ற என்னைப் பார்த்தார். பிறகு மாலைக்காரரிடம், “இங்க மாட்டிட்டுப் போ. எப்டியும் நீ திருப்பி எடுத்தும் போவ முடியாது,” என்றார்.

குமார் மாமாவுக்குப் போன் போட்டேன். சுடுகாட்டைத் தாண்டி, அடுத்த ஊரான வல்லத்துக்குப் பக்கத்தில் இருந்தார்.

“ஏன் மாமா அவ்ளோ தூரம் போன?”

“நிறுத்துனா யாரு செத்துட்டாங்கன்றான். ஒருத்தன் செருப்பக் கழட்டிட்டு என்னியப் பாத்துக் கும்புடறான். கேக்கறவன் கூடக்கூட நான் வண்டிய முறுக்கிக்கினே வந்துட்டேன். பாதியில வுட்டா நீ கோச்சிக்குவன்னு இங்க வச்சேன்.”

வந்தவர்களுக்கெல்லாம் அம்மா டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். அப்புறம் நைனா ஃபிரிஜ் பக்கம் போனார். என் கதை முடிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“சத்தம் கொறஞ்சிது. அவன் தூரமாப் போயிட்டான்னு நீ சொன்ன,” என்றார். “மெய்யாவே போயிட்டிருக்கான்.”

“ஆமா நைனா.”

“அவன் ஏன் ஓடினான்னு கேட்டோம், தெரிஞ்சிபோச்சி. மேல இருக்கறது ஏன் ஓடுதுன்னு தெரியல. அதக் கேக்கத்தான் நீ போவணுமா?”

மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த விளக்கத்தை எட்டாவது படித்த மனிதர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

“போ,” என்றார், பி.எட். விண்ணப்பத்தை எடுத்து மடித்தபடி. “அங்க போயி கேளு. இங்க இருந்து கேக்காத.”

அப்படித்தான் நான் ஆராய்ச்சிக்கு வந்தேன். பெரியப்பா இப்போது நன்றாக நடக்கிறார். ஆனால் அன்று மாலையோடு வந்தவர் யார், வராதவர் யார் என்பது அவருக்குத் தலைகீழ் மனப்பாடம். எந்த வீட்டிலிருந்து பத்திரிகை வந்தாலும் முதலில் அந்தப் பட்டியலில்தான் சரிபார்க்கிறார். போன மாதம்கூட ஒரு காதுகுத்துக்கு வர மாட்டேன் என்றாராம். பெரியம்மா ஏன் என்று கேட்டதற்குச் சொன்ன பதில்:

“நான் செத்தப்பவே எட்டிப் பாக்காதவன். அவன் வூட்டுக்கு நான் ஏன் போவணும்?”