மூன்றாம் வளைவை நேரில் பார்த்தவர்

நேரில் பார்த்தவர் என்றொரு இனம் உண்டு. எங்கே எது நடந்தாலும் அவர் முன்வரிசையில் நின்றிருப்பார். நடந்து முப்பது வருடம் கழித்துத்தான் நமக்கு அது தெரியவரும்.

இந்தத் தையற்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வயல்களுக்கு நடுவே கார்ப் பந்தயத் தடம் ஒன்று போட்டு, மூன்றே பந்தயத்தில் மூடி, அதில் புல் முளைத்து, மாடு மேய்ந்து, ஊரே அதை மறந்த பிறகும் அவர் மறக்கவில்லை. "மூணாவது வளைவுல சிவப்பு வண்டி ரெண்டே சக்கரத்துல நின்னுச்சு சார்! கையத் தூக்குங்க. ஒரு நிமிஷம் அப்படியே நின்னுச்சு!" அளவெடுக்க நின்றவர் தப்பிக்க முடியுமா? அந்த ஒரு நிமிஷமும் வருடத்துக்கு வருடம் நீண்டது. அவர் பெயரே 'மூணாம் வளைவு' என்றாகிவிட்டது.

இப்போது தடத்தை மறுபடி திறக்கிறார்கள். பழைய வரைபடம் கரையானுக்குப் போய்விட்டது. ஊர்ச் சங்க அறைக்கு வந்த இன்ஜினியர் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"வண்டிங்க எந்தப் பக்கமா சுத்துச்சு? வளைவெல்லாம் ஒரு திசைக்குன்னே போட்டது. மாத்தி ஓட்டினா வளைவுல தூக்கி அடிச்சிடும்."

நேரில் பார்த்தவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் வலம் என்றார்கள். ஐந்து பேர் இடம் என்று சத்தியமே செய்தார்கள். மிச்சம் தையற்காரர். அவர் கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார்.

"அப்பா, யோசிச்சு சொல்லுங்க," என்றாள் வாசலில் நின்ற மகள். "முதல் வண்டி ஓட்டப்போறது நான்."

அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவிக் கையில் சுருட்டினார்.

"நான்... பாக்கலம்மா."

"என்னய்யா சொல்ற?" என்றார் வலம் சொன்ன மளிகைக்காரர்.

"வெளி கேட்ல டிக்கெட் கிழிச்சேன். தடத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு. திரும்பினா கூட்டம் உள்ள புகுந்துடும்."

"அப்ப சிவப்பு வண்டி?"

"சத்தம் கேட்டுச்சு. சிவப்பு... நானா வச்சுக்கிட்டது."

அறை சிரித்துக் குலுங்கியது. இன்ஜினியர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சத்தம் எந்தக் காதுல முதல்ல கேட்டுச்சு?"

தையற்காரர் எழுந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டார்.

"இடது காதுல வந்து வலது காதுல போச்சு. ஒவ்வொரு தடவையும்."

இன்ஜினியர் அம்மா தாளில் ஒரு வட்டம் போட்டு, கடிகாரம் சுற்றும் பக்கமாக அம்புக்குறி இட்டார். மகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவின் தோளைத் தட்டினாள். பார்த்த பத்துப் பேருக்குத் தெரியாதது பார்க்காத ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறையில் அன்று இருந்தது பதினொரு நாற்காலி. தையற்காரர் ஒப்புக்கொண்டதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததாக இதுவரை நாற்பது பேர் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு நீங்களும் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்வீர்கள், இல்லையா? சொல்லும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்?