வெள்ளைப் பெட்டி காலியாக இருக்கிறது

குப்பைக்கு மரியாதை செய்யத் தெரிந்த மருத்துவமனை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிடும் துப்புரவுத் தொழிலாளி வேலை பார்த்தது அங்கேதான். ரத்தப் பஞ்சுக்கு மஞ்சள் பை, குழாய்களுக்குச் சிவப்புப் பை, ஊசிக்கு வெள்ளைப் பெட்டி. அதிலும் வெள்ளைப் பெட்டியின் மேல் கண்காணிப்பாளருக்குத் தனிப் பாசம். ஆய்வுக் குழு வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று, வாங்கிய அன்றே தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஊசிகள் பாவம், ஒரு வருடமாகக் கிடைத்த பையில் விழுந்துகொண்டிருந்தன.

வாசலில் ஒரு பலகை: 'ஊசி குத்தாத நாட்கள் – 364'. தினமும் எண் அட்டையை மாற்றுவதும் அக்காதான். இன்று 365. பத்து மணிக்குக் குழு வருகிறது, கையோடு கேடயமும்.

எட்டரைக்கு மஞ்சள் பையைக் கட்டும்போது அவள் விரலில் சுருக்கென்று ஏறியது. ஊசி குத்தினால் இரண்டு மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து என்று, அவள் தினமும் தூசி தட்டும் சுவரொட்டியிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. விரலைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

"சார், ஊசி குத்திடுச்சு. மருந்து எழுதிக் குடுங்க."

கண்காணிப்பாளர் அலமாரியைத் திறந்து வெள்ளைப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். "பாரும்மா. ஊசியெல்லாம் இதுலதான் இருக்கணும். இது காலி. அப்போ ஆஸ்பத்திரியில ஊசியே இல்ல. இல்லாத ஊசி எப்படிக் குத்தும்?"

இந்த மேதைமைக்கு முன் அக்கா விரலை நீட்டினாள். ரத்தம் இன்னும் நிற்கவில்லை.

"சரி, நீ நம்ம ஆளா, கான்ட்ராக்டா?"

"கான்ட்ராக்ட் சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அதை முதல்லயே சொல்லக் கூடாதா! உங்களுக்குக் குத்தினா நம்ம கணக்குல வராது. மருந்தை உன் கான்ட்ராக்டர்கிட்ட கேளு. போ, போய் நம்பரை மாத்து."

அக்கா போனாள். மாற்றினாள். ஜன்னல் வழியாகப் பார்த்த கண்காணிப்பாளர் செருப்பை மறந்து ஓடிவந்தார். பலகையில் குண்டாக ஒரு '0'.

"ஐயோ, என்னம்மா இது! குழு வந்துடுமே!"

"மூணு, ஆறு, அஞ்சு, மூணு அட்டையும் எங்கிட்ட பத்திரமா இருக்கு சார்" என்றாள் அக்கா, அட்டைகளை இறுக்கிப் பிடித்தபடி. "மருந்து வரட்டும்."

மருந்து நான்கே நிமிடத்தில் வந்தது. அக்கா விழுங்கினாள். 365 ஏறியது. குழு கை தட்டிக் கேடயத்தை நீட்டியது: 'குப்பையைத் தரம் பிரிப்பதில் முதலிடம்'.

சும்மா சொல்லக்கூடாது, தகுதியானவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். ஊசியை எதில் போடுவது என்று வருடம் முழுக்கத் தெரியாதவர்களுக்கு, அக்காவை எதில் போடுவது என்று மட்டும் ஒரு நொடியில் தெரிந்துவிட்டதே!