கிழ சிஸ்டமும் என் சேவலும்

இனிமேல் மனைவியிடம் பொய் சொல்வதில்லை என்று போன மாதம் சபதம் எடுத்தேன். ஒளித்து வைப்பது பொய்யில் சேராது. சேர்ந்தால் பிலிப்பைன்ஸில் எங்கள் இலோயிலோ பக்கத்து ஆண்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய லீவு போட வேண்டியிருக்கும்.

நான் ஒளிக்க நினைத்தது என் சேவல் சண்டை வீடியோக்களை. சேவலை ஒளிக்க வழியில்லை. கொர்னல் என்று பெயர்; கொல்லையில் கட்டிக் கிடந்து ஊருக்கே கேட்கிற மாதிரி கூவுகிறான். அழகுக்கு வளர்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி கொன்சோர்சியா அதற்கு ஒரே வாக்கியத்தில் சட்டம் போட்டாள்.

"நீங்க சண்டைக் களத்துப் பக்கம் போனதாத் தெரிஞ்சா, அன்னைக்கே அவன் பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையும் போட்ட சூப்பு."

அவள் சொன்னால் செய்வாள். சூப்பும் நன்றாக வைப்பாள். அதுதான் பயம்.

வீடியோக்கள் அதுவரை நகராட்சி ஆபீஸ் லேப்டாப்பில் இருந்தன. தூக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கே வைப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக் கரோக்கிப் பாட்டுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது. அந்தோனியார் திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம். மைக் இல்லாத விருந்துக்கு எங்கள் ஊரில் அந்தோனியாரே வரமாட்டார்.

அந்தப் பெட்டியின் பாட்டு புரோகிராம் இருபது வருடப் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். நான் வாங்கி வந்ததோ ஒரு டெராபைட் டிஸ்க். பழைய சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தால், அந்தக் கிழத்துக்கு நூற்று முப்பது ஜிபிக்கு மேல் கண் தெரியவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு நிமிடம் கொதித்தேன். அடுத்த நிமிடம் அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன். முன்கட்டில் அவளுடைய பாட்டுகள். கிழத்துக்குக் கண் தெரியாத பின்கட்டில் என் சேவல்கள். பின்கட்டைத் திறக்க என் சொந்த லேப்டாப்பால்தான் முடியும். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்த சாமர்த்தியம் எனக்கே பெருமையாக இருந்தது.

கொன்சோர்சியா திரையை எட்டிப் பார்த்தாள்.

"டப்பாவுல ஒரு டெராபைட்டுன்னு போட்டிருக்கு. இங்க நூத்து முப்பதுதான் காட்டுது?"

"கிழ சிஸ்டம், சோர்சிங். பார்வை அவ்வளவுதான்." மழுப்ப வேண்டிய நேரங்களில் அவள் எனக்குச் சோர்சிங்.

"மிச்சம் எங்க?"

"இருக்கு. ஆனா இல்ல."

"உங்க புத்தி மாதிரியா?"

"இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரிங்க," என்று போய்விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு சுலபமாகச் "சரிங்க" சொன்னதில்லை. நான் அப்போதே உஷாராகி இருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவனுக்கு எங்கே காது கேட்கிறது.

திருவிழா அன்று பன்றி வறுவல், நூடுல்ஸ், வீடு நிறைய ஜனம். எங்கள் மகனின் ஞானத்தாய் பெபாங், பக்கத்து வீடு, அந்த முறையில் என் மனைவிக்கு 'மாரே', முதல் ஆளாக மைக்கைப் பிடித்தாள். உருகி உருகி ஒரு காதல் பாட்டு. பாட்டு ஓடும்போது பின்னால் கடற்கரை, பனிமலை என்று ஏதாவது படம் ஓடுமல்லவா? டிஸ்க்கில் என்ன வீடியோ கிடைத்தாலும் அந்தப் பெட்டி பொறுக்கிப் போடும். முதல் அடிக்கு அலை வந்தது. இரண்டாம் அடிக்கு இரண்டு சேவல்கள் வந்தன.

மூன்றாம் அடிக்கு நான் வந்தேன். களத்து வேலியில் பாதி ஏறி, வாயைப் பிளந்துகொண்டு. அக்குளில் கொர்னல். இன்னொரு கையில் குருத்தோலை. திரையின் மூலையில் தேதி வேறு. குருத்தோலை ஞாயிறு, காலை ஒன்பது மணி. பூசை நேரம்.

பெபாங் பாட்டை நிறுத்தவில்லை. அவளை எதுவும் நிறுத்தாது. பெட்டி தொண்ணூற்றெட்டு மார்க் போட்டு எக்காளம் ஊதியது.

"மாரே," என்றாள் கொன்சோர்சியா அவளிடம், மெதுவாக. "அந்த ஓலையை அர்ச்சிச்சு வாங்கிட்டு வந்தேன்னு சொன்னாரு. அன்னையிலிருந்து வாசக்கதவுல மாட்டி தினமும் கும்பிடுறேன்."

"சேவல் எச்சமாவது பட்டிருக்கும் மாரே," என்றாள் பெபாங். "அதுவும் ஒரு தீர்த்தம்தான்."

"எப்படி..." என்றேன்.

"மார்க்கெட்டுல ரிப்பேர் கடைக்காரரைக் கேட்டேன். கிழ சிஸ்டத்துக்குக் கண்ணாடி போடுற மாதிரி ஒரு அப்டேட் இருக்காமே. ஒரே சிடி. நாலு நாள் முன்னாடியே, நீங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள போட்டுட்டேன். பாவம், வயசான சிஸ்டம், நல்லாப் பார்க்கட்டுமேன்னு."

சொல்லிவிட்டு சமையலறைக்குப் போனாள். கத்தியோடு வந்தாள். நேராகக் கொல்லைக்கு நடந்தாள்.

பின்னாலேயே ஓடினேன். "சோர்சிங், தப்பு என்னுது. அவன் வாயில்லா ஜீவன். என்னை என்ன வேணா பண்ணு. ஒரு மாசம் பாத்திரம் கழுவுறேன். ரெண்டு மாசம்."

அவள் குனிந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரக்கென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் கொர்னல் உயிரோடு நிற்கிறான். அறுந்து கிடந்தது அவன் காலில் கட்டிய கயிறு.

"இவ்வளவு குட்டையாக் கட்டினா கால்ல சதை எப்படிப் பிடிக்கும்?" அவனைத் தூக்கி, நெஞ்சைத் தடவி, இறக்கையை விரித்துப் பார்த்தாள். "தவிட்டைப் போட்டுத் தொந்தி வளர்த்து வெச்சிருக்கீங்க. எங்க அப்பா முப்பது சேவல் பழக்கினாரு. நான் அதுங்க நடுவுல தவழ்ந்தவ. நீங்க ஆபீஸ் போனப்போ உங்க வீடியோ எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்தேன். ஒண்ணுலயாவது இவன் ஜெயிச்சானா?"

"ஒரு தடவை... எதிராளி வரல."

"நீங்க தூக்குற அழகுல அரிசி மூட்டைகூடத் தோத்துடும். இவன் நல்ல சேவல்ங்க. ஆள்தான் சரியில்ல. ஒரு மாசம் என்கிட்ட விடுங்க."

விட்டேன். விடாமல்? கொர்னலுக்கு இப்போது காலையில் சோளம், மத்தியானம் முட்டை. எனக்குப் பழைய சோறு. அவன் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவனைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை பிறக்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே எழுந்து, தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றேன்.

கொன்சோர்சியா கொர்னலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெபாங்கோடு களத்துக்குக் கிளம்பினாள்.

"நீங்க பூசைக்குப் போய், எங்க மூணு பேருக்கும் வேண்டிக்கிட்டு வாங்க."