பவர் மிஷினும் என் பட்டுக்கரை வேட்டியும்

எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. குடவாசல் சுற்றுவட்டாரத்தில் யார் பழைய டீசல் இன்ஜின் வாங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓடுகிற இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினால் போதும், அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். (பாதி சரியாக இருக்கும்.) இன்ஜினுக்குச் சொல்கிறவன் தையல் மிஷினுக்குச் சொல்லமாட்டேனா என்று நினைத்ததுதான் வினை.

என் மனைவி செல்வி தவிலுக்கு உறை தைக்கிறாள். அடிப்பக்கத்துக்கும் தோள்வாருக்கும் தோல் வைக்க வேண்டும். வீட்டு மிஷினில் தினமும் மூன்று ஊசியாவது உடையும். உடையும்போதெல்லாம் நான்தான் உடைத்ததுபோல என்னைப் பார்ப்பாள். வைகாசி முகூர்த்தத்துக்குள் பன்னிரண்டு உறை கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் தஞ்சாவூரில் தோல் தைக்கும் பழைய பவர் மிஷின் ஒன்று விலைக்கு வந்தது. மதியம் அதைப் பார்க்க வேறொருவர் வருகிறாராம். செல்வி வேலையை விட்டு எழ முடியாததால் என்னை அனுப்பினாள்.

"இந்தத் தோலை ரெண்டா மடிச்சு ஓட்டிப் பாருங்க. மேலயும் கீழயும் தையல் ஒண்ணுபோல விழுதான்னு பாருங்க. மத்தபடி வாயைத் தொறக்காதீங்க" என்று ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தாள்.

அந்தப் பையை பஸ் ஸ்டாண்டில் விட்ட என் பைக்கிலேயே மறந்துவிட்டு தஞ்சாவூர் போய் இறங்கினேன்.

மிஷினுக்குச் சொந்தக்காரர் காதர் பாய், பை தைப்பவர். கடைக்குப் புது மிஷின் வந்துவிட்டதால் பழையதை வீட்டு வராந்தாவில் வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியது. நான் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினேன்.

"சிலிண்டர் நல்லா இருக்கு" என்றேன்.

"இதுல சிலிண்டர் கிடையாது தம்பி" என்றார் பாய், மரியாதையாக.

நான் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டேன். பிறகு அவரே, "தைச்சுப் பார்க்கலீங்களா? தோலெல்லாம் கடையில கெடக்கு, போன் பண்ணி எடுத்தாரச் சொல்லட்டுமா?" என்றார்.

"எதுக்கு பாய்?" என்று வேட்டிமேல் கட்டியிருந்த அகலத் தோல் பெல்ட்டைக் கழற்றினேன். (கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த பட்டுக்கரை வேட்டி வேறு.) உட்கார்ந்து பெல்ட்டை ஊசிக்கடியில் மடித்து வைத்தேன். அதைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. வேட்டி நழுவாமலிருக்க அதன் முனையை எடுத்து மேஜைமேல் போட்டுக்கொண்டேன். இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

"தொட்டாப் போதும் தம்பி, மிதிக்காதீங்க."

"டிராக்டரே ஓட்டுறவன் பாய் நான்" என்று மிதித்தேன்.

படபடவென்று ஒரு சத்தம். காலை எடுப்பதற்குள் பெல்ட்டும் வேட்டியும் ஒரு ஜாண் நீளத்துக்கு ஒன்றாகிவிட்டன. ஊசி உள்ளே இறங்கி நின்றது. நான் பாதி எழுந்து, மிஷினுக்கு வணக்கம் வைக்கிற நிலையில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து செல்வி வீடியோ காலில் வந்தாள்.

"மிஷின் ஓடுதா?"

"ஓடிச்சு."

"ஏன் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

காதர் பாய் பொய் சொல்லத் தெரியாதவர். போனை வாங்கித் தையலுக்கு நேராகக் காட்டினார். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. மிஷின் கைவிட்டுப் போகப் போகிறது, பன்னிரண்டு உறையும் என் தலையில்தான் விடியப் போகிறது என்று பயம் வேறு.

"பாய், அடிப்பக்கம் காட்டுங்க" என்றாள் செல்வி.

பாய் ஊசியைத் தூக்கி, நூலை வெட்டி, பெல்ட்டைத் திருப்பினார். பெல்ட்டோடு நானும் திரும்பினேன்.

"இவ்வளவு தடிமன்ல ஒரு தையல்கூட தப்பல. மெல்லிசு வேட்டியும் சுருங்கல. இதுக்கு மேல என்ன பார்க்கணும்? எடுத்துக்கறோம் பாய்." பிறகுதான் என் ஞாபகம் வந்தது அவளுக்கு. "அப்படியே அவங்களையும் வெட்டி எடுத்துடுங்க."

பாய் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். லோடு ஆட்டோவில் மிஷினுக்குப் பக்கத்தில், பாய் கொடுத்த கட்டம் போட்ட கைலியில் குடவாசல் வந்து சேர்ந்தேன். வேட்டியைப் பற்றி மாமனாருக்கு இன்றுவரை நான் எதுவும் சொல்லவில்லை. செல்வி அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டு உறையும் முகூர்த்தத்துக்குள் போய்விட்டன. பட்டுக்கரைத் துண்டோடு அந்த பெல்ட் இப்போதும் அவள் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அதுதான் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிற சாம்பிள். புதிதாக வருகிற தவில்காரர்கள் இழுத்துப் பார்த்துவிட்டு, "தையல் நல்லா கெட்டியா இருக்கு. இதுல வேட்டி எதுக்குங்க?" என்பார்கள்.

செல்வி தைப்பதை நிறுத்தாமல் என் பக்கம் கையைக் காட்டுவாள்.

"மிஷினைச் சோதிச்சு வாங்கினது அவங்கதான்."